சர்வர் அறைக்கு வேண்டிய ஏழு திறன்கள்

பத்து நாள் விடுப்பு கோரி நான் எழுதிய விண்ணப்பம் அரைப் பக்கம்தான். அதற்கு அலுவலகம் தயாரித்த பதில் நூற்று நாற்பத்திரண்டு பக்கம். ஊழியர்களின் கோரிக்கைகளை எங்கள் அலுவலகம் எவ்வளவு அக்கறையோடு பரிசீலிக்கிறது என்பதை வாசகர்கள் இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

எங்களுடையது பதிவு அலுவலகம். பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றும் எங்களிடம்தான் பதிவாகின்றன. நீங்கள் பிறந்தது உங்கள் அம்மாவுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. எங்கள் இரண்டாம் மாடியில் இருக்கிற நான்கு யூனிக்ஸ் சர்வர்களுக்கும் தெரிந்தாக வேண்டும். அவை ஆளுயர இரும்பு அலமாரிகளுக்குள், பதினெட்டு டிகிரி குளிரில், பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கு நிர்வாகி நான். ஒரே நிர்வாகி. பதினோரு வருஷமாக.

இந்தப் பதினோரு வருஷத்தில் நான் சேர்ந்தாற்போல எடுத்த லீவு அதிகபட்சம் இரண்டு நாள். அதிலும் ஒன்று ஞாயிற்றுக்கிழமை. என் மச்சினியின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால், மேடையில் எல்லாரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஓரத்தில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு காதைப் பொத்தி, மறு காதில் போனோடு நிற்பான். அது நான்தான். டீ கெட்டிலைச் செருக இடம் இல்லையென்று யாரோ மூன்றாவது சர்வரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். தாலி கட்டியதை நான் ஆல்பத்தில்தான் பார்த்தேன்.

இப்போது மச்சினனுக்குக் கல்யாணம். அந்த வீட்டுக்கு ஒரே பையன். என் மனைவி இந்த முறை சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. துணி மடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

"இங்க பாருங்க. பத்து நாள். கல்யாணத்துக்கு முன்னாடி நாலு நாள், அப்புறம் ஆறு நாள். நீங்க வரலேன்னா நானும் பொண்ணும் போயிக்கறோம். திரும்பி வர்றதா, எங்க அம்மா வீட்டுலயே இருந்துக்கறதான்னு அங்க போய் யோசிச்சுக்கறேன்."

"ஏம்மா, இதுக்கெல்லாமா இப்படிப் பேசுவாங்க?"

"பதினோரு வருஷமா சத்தம் போட்டுப் பேசிப் பாத்தாச்சு. இப்ப இப்படிப் பேசிப் பாக்கறேன்."

மறுநாள் காலை முதல் வேலையாக விண்ணப்பத்தை எழுதினேன்.

எங்கள் துணை இயக்குநர் நல்ல மனிதர். எதையும் கூடாது என்று சொல்ல மாட்டார். சரி என்றும் சொல்ல மாட்டார். என் விண்ணப்பத்தை மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு தடவையும் கண்ணாடி வழியே ஒரு தடவையும் படித்தார்.

"பத்து நாளா? தாராளமா போயிட்டு வாங்க. உங்க உரிமை. உங்களுக்குச் சமமான திறன் உள்ள ஒரு ஆளை உக்கார வெச்சுட்டுப் போங்க, அவ்வளவுதான்."

"அப்படி ஒரு ஆள் இங்க இல்லையே சார். அஞ்சு வருஷமா இன்னொரு ஆள் வேணும்னு கேட்டுக்கிட்டிருக்கேன்."

"கேட்டீங்க, கேட்டீங்க. அந்த ஃபைல் பத்திரமா இருக்கு. சரி, உங்களுக்கு என்ன திறன்னு தெரிஞ்சாதானே அதுக்குச் சமமா தேட முடியும்? ஒரு பக்கத்துல எழுதிக் கொடுங்க."

எழுதினேன். உள்ளதை உள்ளபடி எழுதினேன். காலையில் வந்ததும் நான்கு மெஷின்களும் எழுதி வைத்திருக்கிற லாக் குறிப்புகளைப் படிக்க வேண்டும். ஆயிரம் நல்ல வரிக்கு நடுவே பதுங்கியிருக்கிற ஒரு கெட்ட வரி கண்ணில் பட வேண்டும். எடுத்து வைத்த பேக்கப் உண்மையிலேயே பேக்கப்தானா, வெறும் பெயர்தானா என்று திறந்து பார்க்க வேண்டும். யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்பதைக் காக்க வேண்டும். அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டு, என்டரை அமுக்காமல் கையை மேலே தூக்கிக்கொண்டு, இரண்டு தடவை படிக்க வேண்டும். ஏனென்றால் இந்த மெஷின்களை ஓட்டுகிற யூனிக்ஸ் 'நிச்சயமாகவா?' என்று கேட்காது. சொன்னதைச் செய்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ஒரு இடைவெளி தப்பான இடத்தில் விழுந்தால் இந்த ஊரில் ஒருத்தருமே பிறந்திருக்க மாட்டார்கள்.

"நல்லா எழுதறீங்க. நீங்க கதை எழுதலாம்," என்று சொல்லி, துணை இயக்குநர் அதைத் திறன் மேடத்துக்கு அனுப்பினார்.

திறன் மேடம் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகங்களில் வருஷத்துக்கு ஒரு காய்ச்சல் வரும். போன வருஷம் நாற்காலிகளை எல்லாம் வெளியே போட்டுவிட்டு நின்றுகொண்டே கூட்டம் நடத்தினோம். அதற்கு முந்தைய வருஷம் தினமும் காலையில் பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நன்றி சொன்னோம். யாருக்கு என்று கடைசிவரை சொல்லவில்லை. இந்த வருஷம் திறன் வரைபடம், அதாவது எந்த வேலைக்கு என்னென்ன திறன் என்று பட்டியல் போடுவது. அதற்கென்று மேலிடம் ஒரு அதிகாரியை நியமித்திருந்தது. சுறுசுறுப்பானவர். நான்கு நிறத்தில் ஒட்டுச்சீட்டுகளைக் கைப்பையிலேயே வைத்திருப்பார். அவர் வந்த பிறகு எங்கள் சுவர்களின் நிறம் என்ன என்று எங்களுக்கே மறந்துபோயிற்று.

என் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அவரே மாடி ஏறி வந்தார்.

"சார், இதுல இருக்கறதெல்லாம் உங்க மனசுக்குள்ள நடக்கறது. கண்ணில் பட வேண்டும், படிக்க வேண்டும்… இதையெல்லாம் நாங்க திறன்னு எடுத்துக்க முடியாது. வெளியில தெரியணும். எண்ணக்கூடியதா இருக்கணும்."

"மேடம், என் வேலை முக்கால்வாசி மனசுக்குள்ளதான் நடக்குது."

"பரவாயில்லை, மீதி கால்வாசியை எண்ணுவோம். புதன்கிழமை முழுக்க உங்ககூட உக்காந்து பாக்கறேன். நான் இருக்கறதையே மறந்துடுங்க."

புதன்கிழமை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கழுத்தில் ஸ்டாப்வாட்ச் மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்துகொண்டார். எப்படி மறப்பது? அன்று அவர் எழுதியதிலிருந்து சில வரிகளை அப்படியே தருகிறேன்.

'காலை 10.05: ஊழியர் திரையைப் பார்த்தார். 10.25: அதே திரையைப் பார்த்தார். 10.50: "ம்ஹும்" என்றார். 11.10: ஏதோ தட்டினார், கையைத் தூக்கிக்கொண்டார், கூரையைப் பார்த்தார், மேற்கொண்டு தட்டுவதைத் தவிர்த்தார். 11.15: உதவியாளர் ஒருவர் போன் சார்ஜரைச் செருக வந்தார். "தொடாதீங்க" என்றார். 11.40: பெருமூச்சு (நடுத்தரம்). 12.00: இயக்குநர் அறையிலிருந்து போன். "பாக்கறேன் சார்" என்றார். பார்க்கவில்லை. 12.30: வேறு உதவியாளர், வேறு சார்ஜர், "தொடாதீங்க".'

பார்க்கவில்லை என்பது அபாண்டம். இயக்குநர் கேட்டது, தன் பேரனின் கார் பந்தய விளையாட்டு ஏன் மெதுவாக ஓடுகிறது என்று. அதை விடுங்கள். அந்த 11.10 இருக்கிறதே, அதுதான் அன்றைக்கு நான் செய்த பெரிய காரியம். பழைய பேக்கப்பை அழிக்கிற கட்டளையில் ஒரு சாய்கோடு கூடுதலாக விழுந்திருந்தது. என்டர் தட்டியிருந்தால் இருபது வருஷப் பிறப்புப் பதிவுகள் போயிருக்கும். கையைத் தூக்கினேன், படித்தேன், திருத்தினேன். இருபது வருஷக் குழந்தைகளைக் காப்பாற்றிய அந்தச் செயல், தட்டுவதைத் தவிர்த்ததாகப் பதிவாயிற்று.

சாயங்காலத்துக்குள் எல்லாம் ஏழு திறன்களாகத் தொகுக்கப்பட்டு, ஏழு சீட்டுகளாகச் சுவரில் ஏறின. ஒன்று, தொடர்ந்து பார்த்தல். இரண்டு, குளிர் தாங்குதல். மூன்று, 'தொடாதீங்க' எனல். நாளொன்றுக்குப் பதினான்கு முறை. நான்கு, தட்டுவதைத் தவிர்த்தல். ஐந்து, கேட்ட கேள்விக்கு உடனடியாகப் பதில் தராமை. ஆறு, நடுத்தரப் பெருமூச்சு. ஏழு, இருக்கையை விட்டு எழாமை.

எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டேன். "மேடம், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, திங்கட்கிழமை, நான் ஒரு வேலை செய்வேன். அது இதுல இல்லையே?"

அந்த வேலை இதுதான். நான்கு மெஷின்களும் தாங்கள் செய்கிறதையெல்லாம் விடாமல் குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கும். பழைய குறிப்புகளை அவ்வப்போது அழிக்காவிட்டால் டிஸ்க் நிரம்பிவிடும். நிரம்பினால் புதிதாக ஒரு எழுத்தும் ஏறாது. அதைத் தானாகவே செய்துகொள்ள எட்டே வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, மூன்று வருஷம் முன்பு அனுமதிக்கு அனுப்பினேன். 'அலுவலகக் குறிப்புகளை ஒரு மெஷின் தன்னிச்சையாக அழிப்பது ஏற்புடையதன்று' என்று திரும்பி வந்தது. அதனால் கையாலேயே அழிக்கிறேன். நாலு நிமிஷ வேலை.

"திங்கட்கிழமையா?" என்றார் மேடம். "நான் பாத்தது புதன்கிழமை."

"அதுக்காக?"

"பாக்காததைப் பாத்ததா எழுதினா அது பொய்யாயிடும் சார்."

நேர்மையானவர். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஏழு திறன்களையும் கையில் வைத்துக்கொண்டு எல்லாத் துறைகளிலும் ஆள் தேடினார்கள். கம்ப்யூட்டர் படித்தவர்கள் எல்லாம் நான்காவது திறனிலேயே விழுந்துவிட்டார்கள். கீபோர்டைக் கண்டால் அவர்களால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஏழிலும் முழு மதிப்பெண் வாங்கியவர் ஒரே ஒருவர். அருங்காட்சியகத்தில் இருபத்தாறு வருஷமாகச் சிலைகளுக்குக் காவல் இருந்தவர்.

வந்த முதல் நாளே அவருக்குச் சிலைக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. நல்ல உயரம், கஞ்சி போட்ட சட்டை. அவர் உட்கார்ந்தால் அந்த நாற்காலிக்கே ஒரு மரியாதை வந்துவிடும். அவருக்கு வேலையைக் கற்றுக்கொடுக்க எனக்கு நாற்பது நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள்.

"ஐயா, கம்ப்யூட்டர் பழக்கம் உண்டா?"

"கிடையாது தம்பி. ஆனா ஆயிரம் வருஷத்துச் சிலைங்களை இருபத்தாறு வருஷம் பாத்துக்கிட்டேன். ஒண்ணுக்காவது மூக்கு உடைஞ்சிருக்கான்னு போய்ப் பாருங்க."

"அது சும்மா நிக்கும். இது ஓடிக்கிட்டே இருக்குமே?"

"ஓடட்டும். நாம யாரும் தொடலேன்னா அது ஏன் நிக்கப்போவுது?"

எனக்குச் சுருக்கென்றது. இந்தத் தொழிலை இவ்வளவு சுருக்கமாக நானே சொன்னதில்லை. மீதி முப்பத்தெட்டு நிமிஷமும் டீ குடித்தோம்.

கிளம்புவதற்கு முன்னால் மறக்காமல் லாக் குறிப்புகளை அழித்தேன். பதினான்கு நாள் தாங்கும். நான் போவது பத்து நாள். இன்னும் நாலு நாள் மிச்சம் இருக்கும். இதைவிட யோக்கியமாக ஒருவன் லீவில் போக முடியாது.

மச்சினன் கல்யாணம் ஜோராக நடந்தது. பந்தியில் பரிமாறினேன், மேடையில் முன்பக்கம் பார்த்து நின்றேன், என் பெண்ணோடு சேர்ந்து ஆடக்கூட ஆடினேன். முதல் நாள் ஆபீசிலிருந்து போன் வரவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். மூன்றாம் நாளும் வரவில்லை. சிக்னல் இல்லையோ என்று மொட்டை மாடிக்குப் போய் நின்று பார்த்தேன். ஐந்தாம் நாள் மாமியாரின் போனிலிருந்து என் நம்பருக்கு நானே அடித்துப் பார்த்தேன். மணி நன்றாக அடித்தது.

"என்னங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள் மனைவி.

"ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர்கூட கூப்பிடலை."

"அதுக்கா இந்த மூஞ்சி?"

"ஒரு வார்த்தை கேக்கலாம்ல? பதினோரு வருஷம்டி. ஒரு சின்ன சந்தேகம்கூடவா வராது?"

"பதினோரு வருஷமா போன் வருது வருதுன்னு நான் அழுதேன். இப்ப வரலை வரலைன்னு நீங்க அழறீங்க. நல்லா இருக்கு நம்ம குடும்பம்," என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது. அதனால் நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் வயிறு எரிந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

பதினோராம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்கே ஆபீசில் இருந்தேன். இரண்டாம் மாடியில் கால் வைத்ததும் மாடி மாறி வந்துவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. அவ்வளவு சுத்தம். சார்ஜர்கள் இல்லை, டீ கிளாஸ் இல்லை, நடைபாதையில் உடைந்த நாற்காலி இல்லை. சர்வர் அறைக்கு முன்னால் பித்தளைக் கால்களில் ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. அதற்கு அப்பால் சிலைக்காரர்.

பத்து நாளில் ஒரு புகாரும் இல்லையாம். இயக்குநர் தன் சம்பந்திக்கு மெஷின்களைச் சுற்றிக் காட்ட வந்தபோது, சிலைக்காரர் "கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு பாருங்கய்யா" என்று சொல்லிவிட்டாராம். இயக்குநரும் நின்று பார்த்தாராம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாராம்! நான் பதினோரு வருஷமாக ஒரு உதவியாளரின் சார்ஜரைத் தடுக்க முடியாமல் திணறினேன். பொறாமையில் எனக்குக் காது சுட்டது.

துணை இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க, வாங்க. கல்யாணம் நல்லா நடந்துச்சா? பணியில சேர்றதுக்கு ஒரு சின்ன சோதனை இருக்கு. உங்க பதவியை இப்ப தரப்படுத்தியாச்சு. ஏழு திறனும் இருக்கான்னு பாத்துட்டுத்தான் யாரையும் அங்க உக்கார வைக்கணும்."

"சார், அந்த ஏழையும் என்னைப் பாத்துத்தானே எழுதினாங்க?"

"அதனாலதான் உங்களுக்கு சுலபமா இருக்கும்ங்கறேன்."

எனக்கு ஏழுக்கு மூன்று கிடைத்தது. ஆத்திரத்தில் எல்லாக் கேள்விக்கும் உடனுக்குடன் பதில் சொல்லித் தொலைத்தேன். இருக்கையை விட்டு இரண்டு தடவை எழுந்துவிட்டேன். பெருமூச்சு விட்டேன்தான், ஆனால் அது நடுத்தரம் இல்லை, 'உயர்தரம், வெப்பமானது' என்று எழுதினார்கள். நான் 'தொடாதீங்க' என்றபோது தேர்வு நடத்தியவர் அமைதியாகக் கையை நீட்டி மெஷினைத் தொட்டுவிட்டார். பார்த்தல், குளிர் தாங்குதல், தட்டாமல் இருத்தல், இந்த மூன்றில் மட்டும் தேறினேன்.

"பதினஞ்சு நாள் கழிச்சு மறுதேர்வு இருக்கு," என்றார் துணை இயக்குநர் ஆறுதலாக. "அதுவரைக்கும் உங்க லீவை நீட்டிச்சிருக்கோம். சம்பளத்தோட."

"சார், அதெல்லாம் இருக்கட்டும். இன்னும் மூணு நாள்ல டிஸ்க் நிரம்பிடும். என்னை நாலு நிமிஷம் உள்ள விட்டீங்கன்னா போதும்."

"தம்பி, நீங்க இல்லாத பத்து நாளும் ஒண்ணும் நடக்கலை. நீங்க வந்த அன்னிக்கே ஏதோ நடக்கப்போகுதுங்கறீங்க. நீங்களே சொல்லுங்க, புள்ளிவிவரம் யார் பக்கம் பேசுது?"

புள்ளிவிவரத்தோடு சண்டை போட முடியுமா? சிலைக்காரரிடம் போனேன்.

"ஐயா, நாலே நாலு நிமிஷம். உள்ள போய்ட்டு வந்துடறேன்."

"தம்பி, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா கதவுல என்ன போட்டிருக்குன்னு நீங்களே படிங்க."

'பணியில் உள்ள நிர்வாகி தவிர வேறு எவரும், எக்காரணம் கொண்டும் உள்ளே நுழையலாகாது.' கீழே கையெழுத்து. என்னுடையது. 'எக்காரணம் கொண்டும்' என்பதை நானே சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தேன். சரி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாக நுழையலாம் என்றால், லீவில் இருப்பவரின் கணக்கு தானாகப் பூட்டிக்கொள்ளும். அந்த ஏற்பாட்டைச் செய்ததும் நான்தான். அதற்காகப் பாராட்டுச் சான்றிதழ்கூட வாங்கியிருக்கிறேன்.

"அப்ப நீங்களாவது தட்டுங்களேன் ஐயா. நான் இங்க நின்னுக்கிட்டே ஒவ்வொரு எழுத்தா சொல்றேன்."

அவர் முகம் சுருங்கியது. "தட்டறதா? அப்புறம் என் நாலாவது திறன் என்னாவறது?"

மூன்றாம் நாள் மதியம் டிஸ்க் நிரம்பியது. மெஷின் விழவில்லை, கத்தவில்லை. பச்சை விளக்குகள் முன்னைப் போலவே அழகாகச் சிமிட்டிக்கொண்டிருந்தன. புதிதாக எதையும் ஏற்றுக்கொள்ள மறுத்தது, அவ்வளவுதான்.

அடுத்த வார அறிக்கை வெளிவந்தது. பிறப்பு: இல்லை. இறப்பு: இல்லை. திருமணம்: இல்லை. நிலுவை: இல்லை. விண்ணப்பமே உள்ளே ஏறாதபோது நிலுவை எங்கிருந்து வரும்? எங்கள் அலுவலக வரலாற்றில் நிலுவை இல்லாத முதல் வாரம் அது. இயக்குநர் பூரித்துப்போய்க் கையெழுத்திட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். மேலிடம் சுகாதாரத் துறைக்குப் பாராட்டுக் கடிதம் எழுதியது, 'ஒரு வாரம் முழுவதும் ஒரு மரணமும் நிகழாமல் தடுத்தமைக்காக'. சுகாதாரத் துறை இதை மறுக்கவில்லை. தங்கள் இடைவிடாத முயற்சியின் பலன் என்றும், அடுத்த வாரமும் இதே நிலை தொடரும் என்றும் பதில் எழுதியது. பிறப்பு நின்றுபோனதற்குத் தாங்களே காரணம் என்று குடும்ப நலப் பிரிவு தனியாக ஒரு கடிதம் அனுப்பியது. கல்யாணத்துக்கு மட்டும் தனித் துறை இல்லாததால் அந்தப் பெருமை அநாதையாக நின்றது.

நான் வீட்டில் மறுதேர்வுக்குப் படித்தேன். மனைவிதான் பயிற்சி கொடுத்தாள்.

"உக்காருங்க. எழுந்திருக்கக் கூடாது. இப்ப நான் கேள்வி கேக்கறேன். 'பொண்ணுக்கு ஸ்கூல்ல எந்த வகுப்புன்னு சொல்லுங்க?'"

நான் பதில் சொல்லவில்லை.

"பிரமாதம். நடிக்கறீங்களா, நிஜமாவே தெரியலையா?"

இதற்கும் பதில் சொல்லவில்லை.

மறுதேர்வில் ஏழுக்கு ஏழு. என் பெருமூச்சை மாதிரிக்காகப் பதிவு செய்து வைத்துக்கொண்டார்கள். துணை இயக்குநர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள். நீங்க பணியில சேந்துட்டீங்க. இந்தப் பதிவை மட்டும் மெஷின்ல ஏத்திட்டா உங்க கணக்கு திறந்துடும், உள்ள போயிடலாம்."

ஏற்றினார். ஏறவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏற்றினார்.

"என்னவோ இடம் இல்லைங்குதே?"

"டிஸ்க் நிரம்பிடுச்சு சார்."

"அப்ப அதைச் சரி பண்ணணுமே."

"பண்ணிடலாம் சார். நான் உள்ள போகணும்."

"உள்ள போகணும்னா பணியில சேரணும்."

"சேரணும்னா பதிவு ஏறணும்."

"பதிவு ஏறணும்னா…" அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒரு காகிதத்துல எழுதிக் கொடுங்களேன் சார், நான் பணியில இருக்கேன்னு."

"கொடுக்கலாம். ஆனா காகிதத்துல சேந்தா காகிதத்துலதான் வேலை பாக்க முடியும்." அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "அதுவரைக்கும் லீவுலயே இருங்க."

இருந்தேன். ஒரு வாரம் இருந்தேன். பத்து நாள் லீவுக்காகப் பதினோரு வருஷம் ஏங்கிய மனைவி, "வாசல்ல போய்க் கொஞ்ச நேரம் நின்னுட்டாவது வாங்களேன்" என்று சொல்ல ஆரம்பித்தாள். அப்போதுதான் மாமியாரிடமிருந்து போன் வந்தது.

"மாப்பிள்ளை, உங்க மச்சினனுக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு. பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போகணும்னா கல்யாண சர்ட்டிபிகேட் வேணுமாம். உங்க ஆபீஸ்ல கேட்டா, அப்படி ஒரு கல்யாணமே நடக்கலைன்னு சொல்றாங்க. வர்ற வெள்ளிக்கிழமை அவன் கிளம்பணும். நீங்க இருக்கற ஆபீஸ்தானே? கொஞ்சம் பாத்துச் செய்யுங்க."

விருந்தெல்லாம் முடித்துவிட்டுச் சாவகாசமாக விண்ணப்பித்திருக்கிறார்கள். அதற்குள் டிஸ்க் நிரம்பிவிட்டது. எந்தக் கல்யாணத்துக்காக நான் லீவு போட்டேனோ, அந்தக் கல்யாணம், நான் லீவில் இருப்பதால், நடக்கவில்லை. சர்ட்டிபிகேட் இல்லாவிட்டால் அந்தப் புதுப்பெண் தனியாக இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவமானமாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

லீவில் இருக்கிற ஊழியர் பொதுமக்கள் கணக்கில் சேர்வார். அதனால் தரைத்தளத்தில் வரிசையில் நின்றேன். வரிசை படிக்கட்டைத் தாண்டி, வாசலைத் தாண்டி, வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் போயிருந்தது. எனக்கு முன்னால் நின்றவர் குழந்தைத் துணிப் பை வைத்திருந்தார்.

"ஏன் இவ்வளவு தாமதம்னு ஏதாவது தெரியுமா சார்?" என்று கேட்டார்.

"தெரியும். டிஸ்க் நிரம்பிடுச்சு. பழைய குறிப்பை அழிக்கணும். நாலு நிமிஷ வேலை."

"அந்த வேலை யாருக்குத் தெரியும்?"

"எனக்குத்தான். இங்க நிர்வாகி நான்தான்."

வரிசை மொத்தமும் திரும்பியது. திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. 'என்னய்யா கூத்து இது, போய்ப் பண்ணுய்யா' என்று நாலு பேர் என்னைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு மாடி ஏறினால், அந்தக் கயிறு நிற்குமா, கதவுதான் நிற்குமா?

"அப்புறம் ஏன் இங்க நிக்கறீங்க?"

"நான் லீவுல இருக்கேன்."

"அடடா, லீவா!" எல்லார் முகமும் தெளிந்தது. "லீவுல இருக்கறவர் எப்படிங்க செய்ய முடியும்? தெரியாம கேட்டுட்டோம்."

துணிப் பைக்காரர் என் பக்கம் சாய்ந்தார். "நானும் லீவுதான் சார். தண்ணி ஆபீஸ். மேட்டுத் தெருவுக்கு வால்வைத் திறக்கணும். ஒரு திருகு திருகினா போதும், ஆனா அது என் கைக்குத்தான் வரும். குழந்தை பொறந்ததைப் பதியலாம்னு லீவு போட்டேன். ஒரு வாரமா இங்கதான் நிக்கறேன்."

"ஓ, அதனாலதான் எங்க வீட்டுல தண்ணி வரலையா?" என்றார் அவருக்கு முன்னால் நின்ற அம்மாள். கோபமே இல்லை, விவரம் தெரிந்துகொண்ட திருப்திதான். அந்த அம்மாள் மின்சார அலுவலகம். எங்கள் பகுதிக்கு ஒரே ஒரு ஃபியூஸ் போட வேண்டியிருக்கிறதாம். எங்கள் வீட்டில் நாலு நாளாக விளக்கு எரியாதது ஏன் என்று எனக்கும் அப்போதுதான் விளங்கிற்று. நல்ல வார்த்தையாக நாலு கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவரும் லீவு என்றார். "லீவுல இருக்கறவங்க எப்படிம்மா செய்ய முடியும்?" என்று நானே சொன்னேன். அது என் வாயிலிருந்துதான் வந்தது.

அவருக்கு முன்னால் நின்றவர் பஸ் டிப்போ. அவருக்கு முன்னால் பள்ளிக்கூடம். அதற்கு முன்னால் மருந்துக் கிடங்கு. சாவி அவர் இடுப்பில் தொங்கியது. எல்லாரும் லீவு. வெயிலுக்குக் குடையைப் பகிர்ந்துகொண்டு, ஒருவருக்கொருவர் அனுதாபம் சொல்லிக்கொண்டு சொந்தக்காரர்கள் மாதிரி நின்றோம்.

அரை மணி கழித்து எட்டிப் பார்த்தேன். வரிசை ஒரு அடியும் நகரவில்லை.

"டிஸ்க் நிரம்பினா நிரம்பட்டும், அதை வந்து சொல்றதுக்காவது கவுன்டர்ல ஒரு ஆள் வேண்டாமா?" என்று கத்தினேன். "எங்க போய்த் தொலைஞ்சான் அந்த ஆளு?"

எனக்குப் பின்னால் நின்றவர் மெல்லச் செருமினார். திரும்பினேன். கவுன்டர்க்காரர்.

"நான்தான் சார். அப்பா போன வாரம் தவறிட்டாரு. அந்த சர்ட்டிபிகேட்டுக்காக இன்னிக்கு லீவு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நம்ம ஆபீஸ்தானேன்னு வரிசையைத் தாண்டிப் போனா நல்லாவா இருக்கும்?"